வெரளிக்காயை ஒலிவ் ஆக்கியவர்கள்

சென்ற மாதம் வெள்ளவத்தைச் சந்தையில் ஒரு கிலோ வெரளிக்காய் வாங்கினேன். பத்து நாளில் அவ்வளவையும் பழுதாக்கிக் குப்பையில் கொட்டினேன். முதல் தடவையாக அச்சாறு போடுகிற ஆளுக்கு இது நடக்கிறதுதான். ஆனால் என் கை பிழைத்ததை விட ஒரு பெயர் பிழைத்ததுதான் பெரிய காரணம். அந்தப் பெயரின் வேரைத் தேடிப் போனபோது அது 1737ஆம் ஆண்டு அம்ஸ்ரடாமில் அச்சான ஒரு புத்தகத்தில் போய் நின்றது. அந்தத் தேடலைத்தான் இங்கே எழுதுகிறேன்.

கொழும்பில் வளர்ந்தவர்களுக்கு வெரளியை அறிமுகப்படுத்தத் தேவையில்லை. பள்ளிக்கூடம் விடுகிற நேரம் கேட்டடியில் நிற்கிற வண்டி, காலிமுகத்திடல், கொட்டாஞ்சேனைப் பக்கத்துத் தேவாலயத் திருவிழாக்கள். மாங்காய், அன்னாசி, அம்பரல்லா எல்லாம் கண்ணாடிக்குப் பின்னால் சிவப்பாய்க் குவிந்திருக்க, ஒரு மூலையில் பச்சையாய், சின்ன முட்டை வடிவத்தில் வெரளி இருக்கும். உப்பும் மிளகாய்த்தூளும் பிரட்டி பொலித்தீன் பையில் போட்டுத் தருவார்கள். சதையைக் கடித்து, கடைசியில் அந்த முரட்டுக் கொட்டையைக் கனநேரம் வாயில் வைத்து உறிஞ்சித் துப்ப வேண்டும்.

வீட்டில் செய்து பார்ப்போம் என்று போனில் தேடினேன். ஆங்கிலத்தில் இதற்கு ‘சிலோன் ஒலிவ்’ என்று பெயர். அந்த ‘ஒலிவ்’ என்ற சொல் என்னை இத்தாலி, ஸ்பெயின், லெபனான் வீட்டுச் சமையலறைகளுக்கு இழுத்துக்கொண்டு போய்விட்டது. எல்லா வீடியோவிலும் ஒரே பாடம்தான்: காயில் கத்தியால் கீறு, தண்ணீரில் ஊறவை, நாளுக்கு ஒரு தடவை தண்ணீரை மாற்று, பத்து நாளோ அதற்கு மேலோ பொறு, பிறகு உப்புத் தண்ணீரில் போடு. அதைத்தான் செய்தேன். மூன்றாம் நாள் தண்ணீர் கலங்கியது. ஏழாம் நாள் காய் வழுவழுத்தது. ஒன்பதாம் நாள் அம்மம்மா, “உதைக் கொண்டுபோய்க் கொட்டு பிள்ளை, வீடெல்லாம் மணக்குது” என்றா. பத்தாம் நாள் ஒன்றை எடுத்து வாயில் வைத்தேன். புளிப்பும் இல்லை, துவர்ப்பும் இல்லை. நனைந்த கடதாசியைச் சப்பின மாதிரி இருந்தது.

கீழ்மாடியில் இருக்கிற சிங்கள அன்ரி போத்தலைப் பார்த்துவிட்டுச் சிரித்தா. “துவ, மே வெரளு, பெஹெத் நெவெயி” என்றா. மகளே, இது வெரளு, மருந்து இல்லை என்று அர்த்தம். பத்து நாள் ஊறவைக்கிறதுக்கு இதில் என்ன இருக்கு என்பதுதான் அவவின் கேள்வி.

கேள்வி நியாயமானது. ஒலிவ் காயை ஊறவைப்பதற்கு ஒரு காரணம் இருக்கிறது. மரத்தில் இருந்து பறித்த ஒலிவ் காயைத் தின்ன ஏலாது, அவ்வளவு கசப்பு. அந்தக் கசப்புக்குக் காரணம் ஒலியூரோப்பின் என்கிற ஒரு சேர்மம். அதைத் தண்ணீரில் நாள்கணக்காய் ஊறவைத்து வெளியேற்ற வேண்டும், அல்லது காரக் கரைசலில் போட்டு உடைக்க வேண்டும், அல்லது உப்புத் தண்ணீரில் மாதக்கணக்காய்ப் புளிக்கவிட வேண்டும். மத்தியதரைக் கடல் ஓரத்து மனிதர்கள் இதை மிகப் பழைய காலத்திலேயே கண்டுபிடித்துவிட்டார்கள். முதலாம் நூற்றாண்டில் வாழ்ந்த ரோம எழுத்தாளர் கொலுமெல்லா, தன் வேளாண்மை நூலின் பன்னிரண்டாம் பகுதியில் ஒலிவ் காய் பதப்படுத்துகிற முறைகளை விரிவாய் எழுதி வைத்திருக்கிறார். நான் யூடியூபில் பார்த்தது இரண்டாயிரம் வருசத்து அறிவு. பிழையான காய்க்கு அதைப் பயன்படுத்தினது மட்டும்தான் என் பிழை. வெரளியில் வெளியேற்ற வேண்டிய அந்தக் கசப்பு இல்லை. அதில் இருப்பது புளிப்பும் துவர்ப்பும்; அவைதான் அதன் ருசியே. பத்து நாளாய் நான் கழுவி ஊற்றினது அந்த ருசியைத்தான்.

தாவரவியலில் இரண்டுக்கும் உறவே இல்லை. ஒலிவ் மரம் மல்லிகைக் குடும்பத்தைச் சேர்ந்தது. ஆம், வெள்ளவத்தைக் கோயில் வாசலில் முழம் போட்டு விற்கிற அதே மல்லிகை. வெரளியின் சொந்தம் இன்னும் ஆச்சரியமானது. அது உருத்திராட்சத்தின் பேரினத்தைச் சேர்ந்தது. வெரளிக்கொட்டையை நன்றாய்ச் சப்பிவிட்டு வெளிச்சத்தில் பிடித்துப் பாருங்கள், அந்தக் கரடுமுரடு எங்கேயோ பார்த்த மாதிரி இருக்கும். கழுத்தில் பக்தியோடு அணிகிற மணியும் பஸ் ஹோல்ட்டில் துப்புகிற கொட்டையும் பங்காளிகள்.

அப்படியென்றால் ஒலிவ் எங்கிருந்து வந்து இதில் ஒட்டிக்கொண்டது?

‘அச்சாறு’ என்ற சொல்லில் இருந்து தொடங்கலாம். இது பாரசீகத்தில் இருந்து பரவிய சொல் என்பது பொதுவான கருத்து. ஹிந்தியில் அச்சார், மலாயில் அச்சார், போர்த்துக்கேய மொழியிலும் அச்சார், சிங்களத்தில் அச்சாரு. ஐரோப்பிய நூல்களில் இந்தச் சொல் வருகிற மிகப் பழைய இடங்களில் ஒன்று, 1563இல் கோவாவில் அச்சான கார்சியா த ஓர்தாவின் புத்தகம். ஓர்தா ஒரு போர்த்துக்கேய வைத்தியர். 1534இல் இந்தியாவுக்கு வந்து கோவாவில் வாழ்ந்தவர். கட்டாயமாகக் கிறிஸ்தவராக்கப்பட்ட யூதக் குடும்பத்தில் பிறந்தவர். அவர் இறந்து பல வருசங்களுக்குப் பிறகு, 1580இல், கோவாவின் மதவிசாரணை மன்றம் அவருடைய எலும்புகளைத் தோண்டியெடுத்து எரித்தது. தன் அடையாளத்தை வாழ்நாள் முழுக்க மறைத்து வைத்திருக்க வேண்டியிருந்த மனிதர், இந்த மண்ணின் மரம் செடிகளின் அடையாளத்தை மிகக் கவனமாய் எழுதி வைத்தார் என்பதை நான் அடிக்கடி நினைத்துப் பார்க்கிறேன்.

அந்தப் புத்தகத்தில் சேராங்கொட்டையைப் பற்றி எழுதும்போது, அதன் பச்சைக் காயை உப்பில் போட்டு வைக்கிறார்கள், அதை அச்சார் என்று சொல்கிறார்கள், நம் ஊரில் ஒலிவ் விற்கிற மாதிரி இங்கே அதைச் சந்தையில் விற்கிறார்கள் என்ற கருத்தில் ஓர்தா எழுதுகிறார். கவனியுங்கள், அவர் செய்தது ஒரு ஒப்பீடு. தெரியாத ஒரு பண்டத்தைத் தன் நாட்டு வாசகருக்கு விளக்க, தெரிந்த ஒன்றைப் பக்கத்தில் வைக்கிறார். ஆனால் பண்டத்தின் உள்ளூர்ப் பெயரை அழிக்கவில்லை. அச்சார் அச்சாராகவே இருக்கிறது, ஒலிவ் ஒலிவாகவே இருக்கிறது.

அடுத்த கட்டம் ஒல்லாந்தருடையது. 1656இல் அவர்கள் போர்த்துக்கேயரிடம் இருந்து கொழும்பைப் பிடித்தார்கள். 1670களில் ஒல்லாந்தக் கிழக்கிந்தியக் கம்பனியின் வைத்தியராக இங்கே இருந்த போல் ஹேர்மன் என்பவர், ஆயிரக்கணக்கான இலைகளையும் பூக்களையும் காயவைத்துக் கடதாசியில் ஒட்டிச் சேர்த்தார். உள்ளூர்ப் பெயர்களையும் குறித்து வைத்தார். அந்தச் சேகரிப்பின் முக்கியமான பகுதி இன்று லண்டன் இயற்கை வரலாற்று அருங்காட்சியகத்தில் இருக்கிறது. அதற்குப் பிறகு, இலங்கையைக் கண்ணாலும் பார்க்காத யொஹானஸ் பேர்மன் என்கிற அம்ஸ்ரடாம் பேராசிரியர், இங்கிருந்து போன சேகரிப்புகளை வைத்து 1737இல் இலங்கைத் தாவரங்களைப் பற்றி ஒரு பெரிய நூலை வெளியிட்டார். அந்த நூல் தயாரானபோது பேர்மனின் வீட்டில் தங்கி உதவி செய்த இளைஞர்தான் கார்ல் லின்னேயஸ். அதில்தான் எலியோகார்ப்பஸ் என்ற பெயர் வருகிறது. கிரேக்கத்தில் ‘எலாயா’ என்றால் ஒலிவ், ‘கார்ப்போஸ்’ என்றால் கனி. ஒலிவ்க்கனி மரம்! 1753இல் லின்னேயஸ் தன் புகழ்பெற்ற நூலில் அதை எலியோகார்ப்பஸ் செரற்றஸ் என்று பதிந்தார். ‘செரற்றஸ்’ என்றால் வாள்பல் போன்ற விளிம்புள்ள இலை. லின்னேயஸும் இலங்கைக்கு வந்ததே இல்லை.

ஓர்தாவின் சந்தை ஒப்பீட்டுக்கும் பேர்மனின் பெயருக்கும் இடையில் 174 வருசம். ஓர்தா பேசினது வேறு ஒரு காயைப் பற்றி என்பது உண்மை. ஆனால் இரண்டையும் பக்கத்தில் வைத்தால் ஒன்று விளங்கும்: ‘ஒலிவ் மாதிரி’ என்பது ‘ஒலிவ்’ ஆகிவிட்டது. ‘மாதிரி’ எங்கேயோ கடலில் விழுந்துவிட்டது.

இந்த மாதிரி விசயம் கொழும்பில் இன்னும் ஒன்று நடந்திருக்கிறது. கொட்டாஞ்சேனைக்குப் பக்கத்து மேட்டில் வுல்வெந்தால் தேவாலயம் நிற்கிறது. 1749இல் கட்டத் தொடங்கி 1757இல் திறந்தது. ஒல்லாந்த மொழியில் ‘வுல்வெந்தால்’ என்றால் ஓநாய்ப் பள்ளத்தாக்கு. இலங்கையில் நரி இருக்கிறது, ஓநாய் கிடையாது. வழமையாகச் சொல்லப்படும் விளக்கம் இதுதான்: அந்த இடத்தில் முன்பு போர்த்துக்கேயரின் குவாதலூப்பே மாதா சிற்றாலயம் இருந்தது. அந்தப் பெயர் ‘அகுவா த லூப்பே’ என்று வழங்கியது. பிறகு வந்த ஒல்லாந்தர்களுக்கு அந்த ‘லூப்பே’ ஓநாயாகக் கேட்டது. மாதாவின் பெயர் ஓநாயாகி, ஓநாய் வீதிப் பெயராகி, அந்த வீதியில் இப்போது தமிழரும் முஸ்லிம்களும் சிங்களவரும் கடை வைத்திருக்கிறார்கள். இல்லாத ஓநாய்க்குக் கொழும்பில் ஒரு முகவரி கிடைத்தது. இல்லாத ஒலிவுக்கும் அப்படியே.

இந்த இடத்தில் கோபப்பட்டு, “பார்த்தீர்களா, வெள்ளைக்காரன் எங்கள் பெயரைக் களவெடுத்துவிட்டான்” என்று முடித்துவிடலாம். நானும் முதலில் அப்படித்தான் எழுதத் தொடங்கினேன். ஆனால் அச்சாறுப் போத்தலுக்குள் எட்டிப் பார்த்தால் கதை அவ்வளவு லேசாய் இல்லை.

முதலில் மிளகாய். அது தென்னமெரிக்கா, மெக்சிகோப் பக்கத்தில் இருந்து போர்த்துக்கேயர் வழியாக வந்தது. அதற்கு முன்பு எங்களுக்கு உறைப்பு என்றால் மிளகுதான். பெரும்பாணாற்றுப்படையில் மாவடுவைப் போட்டு வைத்த காடி வருகிறது, மிளகு கலந்த கறி வருகிறது, மிளகாய் இல்லை. காயை உப்பிலும் புளிப்பிலும் போட்டு வைக்க எங்களுக்கு எவரும் வந்து சொல்லித்தரவில்லை என்பதற்கும் அதுவே சாட்சி. சரி, புதிதாய் ஒரு உறைப்புக் காய் வந்து இறங்கினபோது நாங்கள் என்ன செய்தோம்? அது பிறந்த ஊரில் அதற்கு என்ன பெயர் என்று கேட்டோமா? மிளகு மாதிரி உறைக்கிற காய், ஆகவே மிளகாய். முடிந்தது. பேர்மன் வெரளிக்குச் செய்ததை நாங்கள் மிளகாய்க்குச் செய்தோம்.

அடுத்தது வினாகிரி. இலங்கைத் தமிழில் அந்தச் சொல் போர்த்துக்கேய ‘வினாக்ரே’. பாண், அலுமாரி, சப்பாத்து, தவறணை எல்லாம் வந்த அதே வழி. ஆனால் போத்தலுக்குள் இருப்பது பெரும்பாலும் தென்னங்கள்ளில் இருந்து வந்த வினாகிரி. பெயர் லிஸ்பன், புளிப்பு மாதம்பை. பிரியாணியோடு வைக்கிற மலே அச்சாறு வேறொரு வழி: சின்ன வெங்காயம், பச்சைமிளகாய், பேரீச்சம்பழம், கடுகு, வினாகிரி. ஒல்லாந்தர் காலத்தில் யாவாவிலும் பக்கத்துத் தீவுகளிலும் இருந்து படைவீரர்களாகவும் நாடுகடத்தப்பட்டவர்களாகவும் வந்த மலாயர்களின் கை அது. கொம்பனித்தெருவில் இன்றும் அந்தக் கை இருக்கிறது.

கடைசியாக, ‘வெரளி’ என்ற சொல்லே. இது எங்கள் சொல்லா? வெரளி ஈரவலயத்து மரம். யாழ்ப்பாணத்து வளவுகளில் வளர்கிற மரம் இல்லை. அம்மம்மா கொழும்புக்கு வந்த பிறகுதான் இதை முதன்முதலில் கண்டதாகச் சொல்றா. அவவுக்கு ஊறுகாய் என்றால் தேசிக்காய்தான். நாங்கள் சொல்கிற ‘வெரளி’, சிங்கள ‘வெரளு’வைத் தமிழ் நாக்குக்கு ஏற்றபடி திருப்பினது. கடலுக்கு அந்தப் பக்கம் கேரளத்தில் இதே காயைக் ‘காரக்க’ என்று உப்பிலிட்டு ரோட்டோரம் விற்கிறார்கள். ஆகவே ‘எங்கள் பெயரை மீட்போம்’ என்று நான் கொடி பிடித்தால், அந்தக் கொடியில் இருப்பது கீழ்மாடி அன்ரியின் சொல்.

அப்படியென்றால் பிரச்சினை எங்கே? தெரியாததைத் தெரிந்ததால் அழைப்பது மனித சுபாவம். கடன் வாங்குவதும் சுபாவம். அன்ரியிடம் வாங்கின ‘வெரளி’ என்னை ஒருநாளும் ஏமாற்றினதில்லை. ஏனென்றால் அந்தப் பெயர் காயோடு சேர்ந்து வந்தது, எப்படித் தின்ன வேண்டும் என்பதும் அதோடு சேர்ந்தே வந்தது. ‘மிளகாய்’ எங்களை ஏமாற்றவில்லை, நாங்களே தினமும் அதை வெட்டி, காயவைத்து, இடித்து அறிந்துகொண்டோம். ‘ஒலிவ்’ மட்டும் காயைத் தொடாதவர்கள் தூரத்தில் இருந்து வைத்த பெயர். காய்ந்த இலையைப் பார்த்து, படத்தைப் பார்த்து, நிறத்தையும் வடிவத்தையும் பார்த்து வைத்தது. அதில் ருசி இல்லை, செய்முறை இல்லை. அப்படியான பெயர்தான் பிறகு உலகத்துக்கான பெயராகி, மற்றதெல்லாம் அதற்குக் கீழே ‘உள்ளூர் வழக்கு’ என்று சின்ன எழுத்தில் போனது. எனக்கு வெரளியைப் பற்றித் தெரியவேண்டி வந்தபோது, ஒரு மாடி இறங்கி அன்ரியிடம் கேட்காமல் போனில் ஆங்கிலத்தில் தேடினேன். அந்தப் படிநிலை அம்ஸ்ரடாமில் மட்டும் இல்லை, என் தலைக்குள்ளும் இருக்கிறது.

எல்லாப் பண்டத்துக்கும் இது நடக்கவில்லை என்பதையும் சொல்ல வேண்டும். அதே வண்டியில் வெரளிக்குப் பக்கத்தில் இருக்கிற மாங்காயைப் பாருங்கள். தமிழ், மலையாளக் கரைகளில் கேட்ட சொல் போர்த்துக்கேய ‘மங்கா’வாகி, லின்னேயஸின் அதே 1753ஆம் ஆண்டு நூலில் மாங்கிஃபெரா ஆகியது. மாங்காய்க்கு இலத்தீனில் கதிரை போட்டார்கள். அது ஐரோப்பாவில் எதைப் போலவும் இருக்கவில்லை. வெரளி, பாவம், அவர்களுக்குத் தெரிந்த ஒன்றைப் போல இருந்துவிட்டது. தெரிந்த முகச்சாயல் இருந்ததால் சொந்த முகம் போய்விட்டது.

நேர்மாறான உதாரணமும் ஒன்று கொட்டாஞ்சேனையில் இருக்கிறது. உயிர்த்த ஞாயிறுக்கு முந்தின ஞாயிறு, எருசலேமுக்குள் இயேசு நுழைந்ததை நினைவுகூரும் நாள். இத்தாலியில் அன்றைக்கு ஒலிவ் கிளை பிடிக்கிறார்கள். இங்கே தென்னங்குருத்து. ஒலிவ மலையைத் தமிழில் வாசிக்கக் கேட்டுக்கொண்டு கையில் தென்னங்குருத்தோடு நிற்பார்கள். ஆனால் அந்தக் குருத்தை எவரும் ‘சிலோன் ஒலிவ் கிளை’ என்று சொன்னதில்லை. நாளின் பெயரே குருத்தோலை ஞாயிறு ஆகிவிட்டது. பதிலாக வந்த பொருள் தன் பெயரை விட்டுக்கொடுக்காமல், திருநாளுக்கே தன் பெயரைக் கொடுத்துவிட்டது. கையில் பிடித்தவர்கள் பெயர் வைத்தால் அப்படித்தான் இருக்கும்.

நாடு 1972இல் தன் பெயரில் இருந்து சிலோனை எடுத்துவிட்டது. காய் இன்னும் ‘சிலோன் ஒலிவ்’தான். இரண்டு சொல்லில் ஒன்று நாங்கள் கைவிட்டது, மற்றது எப்போதுமே பிழை. அறிவியல் பெயரை மாற்ற ஏலாது, மாற்றவும் தேவையில்லை. உலகத்தில் ஒரு மரத்துக்கு ஒரு நிலையான பெயர் இருப்பது நல்லதுதான். நான் கேட்பது அதை விடச் சின்ன விசயம். அடுத்த தடவை இந்தக் காயைப் பற்றித் தமிழில் எழுதுகிற ஆள் ‘இலங்கை ஒலிவ்’ என்று மொழிபெயர்க்க வேண்டாம். வெரளி என்று எழுதட்டும். எழுதமுதல் ஒன்றைக் கடித்துப் பார்க்கட்டும்.

இரண்டாம் தடவை அரைக் கிலோதான் வாங்கினேன். அன்ரி பக்கத்தில் நின்றா. கொஞ்சம் பழுக்கத் தொடங்கின காய்களாய்த் தெரிந்து, கழுவி, உப்புப் போட்ட கொதிதண்ணீரில் கொஞ்ச நேரம் அவித்து வடித்தோம். ஒவ்வொன்றையும் உலக்கை நுனியால் லேசாய்த் தட்டினோம், தோல் வெடித்தால் போதும், கொட்டை உடையக் கூடாது. பிறகு வெட்டுமிளகாய், மிளகுதூள், உப்பு, கொஞ்சம் சீனி, வினாகிரி. பிரட்டி மூடி வைத்தோம். பத்து நாள் தேவைப்படவில்லை. அன்று பின்னேரமே தின்னலாம், அடுத்த நாள் இன்னும் நல்லாய் இருக்கும் என்றா.

அம்மம்மா ஒன்றை எடுத்து, பல் இல்லாத பக்கத்தால் ஒதுக்கி ஒதுக்கிச் சப்பினா. “உறைப்புக் காணாது” என்றா. பிறகு இன்னொன்று எடுத்தா. போத்தலுக்கு ஒரு லேபிள் ஒட்டுவோம் என்று பேனையை எடுத்தேன். சிங்களத்தில் அன்ரி ‘வெரளு’ என்று எழுதினா. அதற்குக் கீழே நான் தமிழில் ‘வெரளி’ என்று எழுதினேன். மூன்றாவது பெயருக்கு அதில் இடம் இருக்கவில்லை.